சவுண்ட்பாருக்குப் பொட்டு வைத்த கதை

டிவிகள் ஒல்லியாக ஒல்லியாக அவற்றின் குரலும் ஒல்லியாகிவிட்டது. எங்கள் ஹாலில் சுவரை அடைத்துக்கொண்டு தொங்கும் டிவியும் அப்படித்தான். படம் பளிச்சென்று இருக்கும். பேச்சு மட்டும் பக்கத்துத் தெருவிலிருந்து வரும்.

எங்களுக்கே இப்படியென்றால் மாமனாருக்கு? பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி லோடு டிராக்டர் ஓட்டி ஓட்டியே காது மந்தமானவர் அவர். காதுக்கு மெஷின் வைக்கச் சொன்னால், எனக்கென்ன வயசாகிவிட்டதா என்பார். (பேரன் காலேஜ் போகிறான்.) காமெடி ஓடும்போது எங்கள் முகங்களைப் பார்ப்பார். நாங்கள் சிரித்து முடித்ததும் ஒப்புக்கு அவரும் சிரிப்பார். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது. கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டு, சாப்பிட்டதும் வாசலில் போய் உட்கார ஆரம்பித்தார். அவரைத் திரும்ப ஹாலுக்குக் கொண்டுவருவது என் பொறுப்பு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"பெரிய ஸ்பீக்கர் செட்டா வாங்குங்க அண்ணி, வூடே அதிரணும்" என்றான் கொழுந்தன் முருகேசன். வீடு அதிர அவன் பேசினாலே போதும். மாமாவுக்கு வேண்டியது பேச்சு புரிவது. செல்போனில் இதைப் பற்றியே படித்தேன். (பத்தாம் வகுப்பில் இப்படிப் படித்திருந்தால் இன்று நான் கலெக்டர்.) கடைசியில் தர்மபுரி டவுனில் ஒரு கடைக்குப் போனேன். அவர்கள் குத்துப்பாட்டு போட்டுக் காட்டினார்கள். நான் செய்தி வைக்கச் சொன்னேன். ஒருமாதிரி பார்த்தார்கள். பேச்சைத் தெளிவாக எடுத்துக் கொடுத்த ஒரு சின்ன சவுண்ட்பாரோடு, டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரோடு, வீடு திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் குடும்பம் விருந்துக்கு வந்திருந்த நேரத்தில் பெட்டியைப் பிரித்து டிவியோடு இணைத்தோம்.

"இதென்னங்க அண்ணி, ஸ்கேல் மாதிரி இருக்குது?" என்றான் முருகேசன். எல்லோரும் சிரித்தார்கள். இதில் என்ன பெரிய சத்தம் வந்துவிடும் என்று அவன் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றி வைத்தான். அதற்குள் என் மாமியார், பூசை போடாமல் என்ன அவசரம் என்று சுவிட்சை அணைத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் மிக்ஸியானாலும் கிணற்று மோட்டாரானாலும் பொட்டு வைக்காமல் ஓடாது. அத்தை சவுண்ட்பாரின் நெற்றி நடுவில் தாராளமாகச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தார். தலைக்குக் கனகாம்பரச் சரம். கற்பூரம் ஏற்றி, வாங்கிய கையாலேயே போடு என்று என்னை அழைத்தார்.

போட்டேன். செய்தி விவாதத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் நடுங்கியது. அலமாரி டம்ளர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. சவுண்ட்பாரின் ரிமோட்டை அமுக்கினேன். அசையவில்லை. பேட்டரியை மாற்றினேன், தட்டினேன், கெஞ்சினேன். என் கணவர் பிடுங்கி அவரும் அமுக்கினார். சுவிட்சை அணைக்கப் போனவரை அத்தை மறித்துக்கொண்டார்.

"பூசை போட்டு ஆரம்பிச்சத உடனே அணைப்பாங்களாடா? கற்பூரமாவது அடங்கட்டும்."

பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டையை விலக்க ஓடிவந்தார்கள். அவமானத்தில் என் புத்தி எங்கே போனதோ, பாய்ந்து போய் சவுண்ட்பாரை நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். சேலையால் பொத்தினால் சத்தம் அடங்கும் என்ற விஞ்ஞானம்! முந்தானையால் அமுக்கினேன், தேய்த்தேன், காது அடைத்தும் விடவில்லை. மூச்சு வாங்க விலகியபோது சத்தம் மளமளவென்று இறங்கியது. கணவர் இன்னும் ரிமோட்டை அமுக்கிக்கொண்டுதான் இருந்தார். பொட்டு முழுக்க என் புதுச் சேலைக்கு வந்திருந்தது.

ரிமோட் பேச்சைக் கேட்கும் கண், அந்த நெற்றி நடுவில்தான் இருந்திருக்கிறது. அத்தை அதைச் சந்தனத்தால் மெழுகியிருந்தார். (தலையில் பொத்தான்களும் இருந்தன. அவற்றின்மேல் கனகாம்பரம்.)

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்ன கலாட்டா என்று பார்க்க உள்ளே வந்த மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். கணவர் காமெடி சேனலுக்கு மாற்றினார். சத்தம் இப்போது சாதாரண அளவுதான். மாமா எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை, டிவியையே பார்த்தார். திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார். நாங்கள் யாரும் இன்னும் சிரித்திருக்கவில்லை.

"இவன் இத்தன நாளா இதத்தான் சொல்லிட்டிருந்தானா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தனச் சேலையோடு எழுந்து நின்று முருகேசனைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. (அன்றைக்கு மட்டும்தான். மறுநாளிலிருந்து தினமும் சொல்கிறேன்.) வாசல் நாற்காலி அன்றே ஹாலுக்கு வந்துவிட்டது.

இப்போது சொந்தத்தில் யார் சவுண்ட்பார் வாங்கினாலும் என்னைக் கேட்டுத்தான். அத்தையும் உஷாராகிவிட்டார். எந்தப் புதுப்பொருள் வந்தாலும் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டு, இதற்குக் கண் எங்கே இருக்கிறது, முதலில் காட்டுங்கள் என்கிறார். போன மாதம் முருகேசன் ஓர் எருமை வாங்கி வந்தான். அத்தை கிண்ணத்தை எடுத்ததுமே மாமா குரல் கொடுத்தார்:

"இதுக்குக் கண்ணு ரெண்டு பக்கமும் இருக்குது, பாத்து வெய்யி."

சொல்லிவிட்டு, எங்களுக்கு முன்னால் அவரே சிரித்துக்கொண்டார்.