ரசமட்டம் அண்ணனும் சாய்ந்த காரும்

தங்கச் சுரங்க ஊரான எங்கள் சாம்பியன் ரீப்ஸில் ரசமட்டம் அண்ணன் நேராக்காமல் விட்ட பொருள் ஒன்றுகூடக் கிடையாது. தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருக்கும் இடத்தில், இவர் கொத்தனார் வைத்துப் பார்க்கும் ரசமட்டத்தில் சின்னதாக ஒன்றைச் செருகியிருப்பார். குமிழி நடுவில் நிற்காத கல்யாண மேடையில் தாலி கட்ட விடமாட்டார். சாவு வீட்டில்கூடப் பாடை தூக்கியவர்களை நிறுத்தி, "தலைமாட்டுல இன்னாபா இறங்குது? ரெண்டு இஞ்ச் தூக்கு" என்றவர். தூக்கினார்கள். இல்லாவிட்டால் ஊர்வலம் நகர்ந்திருக்காது.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்தது ஒரு சாய்ந்த கார். எப்போதோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிய, கூரையில்லாத சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பூதிகோட்டையில் ஒரு கொட்டகையில் அதற்குள் கோழிகள் குடியிருந்தன. அவற்றைக் காலி செய்வித்து வாங்கி வந்தார். இன்ஜின் சீக்கிரமே உயிர் பெற்றுவிட்டது. மொத்தம் இரண்டே சீட்டு. ஒன்று அவருக்கு, மற்றது அவர் மனைவி சரோஜா அக்காவுக்கு. அவர் ஆசை அவ்வளவுதான்.

ஆனால் வாசலில் நிறுத்திப் பானெட் மேல் ரசமட்டம் வைத்தால் குமிழி இடது பக்கம் ஓடியது. வண்டி வலது பக்கம் இறங்கியிருந்தது.

அக்கா கொஞ்சம் பூசினாற்போல இருப்பவர். "சும்மா நிக்கும்போதே சாயுது. நான் ஏறினா என் வெயிட்டுனு ஊரே சிரிக்கும். நேரா நிக்க வையி, அப்புறம் கூப்டு" என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் ஸ்பிரிங்குகளை இடம் மாற்றினார். பங்காருபேட்டைப் பட்டறையில் கொடுத்து அடித்து வளைத்து வந்தார். லாரி டயரை வட்டமாக அறுத்து வலது பக்கத்து ஸ்பிரிங்குக்கு முட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் காரை முன்னும் பின்னும் உருட்டி, நாலு மூலையையும் அமுக்கிக் குலுக்கி, அது அடங்கின பிறகே பார்ப்பார். அமுக்குவதற்குத் தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லோரும் வேண்டும். பால்காரர் எங்கள் தெருவையே விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குமிழி நட்டநடுவில் நின்றது. அக்கா பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, கூலிங் கிளாஸோடு ஏறினார். பெட்ரோல் பங்க் வரை ராஜ ஊர்வலம். அங்கே சமமான சிமெண்ட் தரையில் நின்றதும் கார் இடது பக்கம், அதாவது அக்கா பக்கம், சாய்ந்தது. பெட்ரோல் போட வந்தவர் உதவியாக, "அக்கா, ஸொல்ப, கொஞ்சமே கொஞ்சம், அண்ணன் பக்கமா தள்ளி உக்காருங்க" என்றார்.

அக்கா இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். "இனிமே அந்த வண்டி பேச்ச எடுத்த, அவ்ளோதான்!"

அதன் பிறகு அண்ணன் எதையும் நேராக்கவில்லை. வீடுவீடாகக் காலண்டர்கள் கோணலாகத் தொங்கின. எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; சிவில் டிப்ளமோ. அவரிடம் ரசமட்டத்தை வாங்கி, கார் நிற்கும் இடத்தில் தரையில் ஒரு பலகையைக் குறுக்கே போட்டு, அதன்மேல் வைத்தேன். குமிழி ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

"அண்ணே, சாய்வு வண்டில இல்ல. தரைலதான் கீது."

சுரங்கத்து ஆட்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் ஒவ்வொரு கட்டில் காலுக்கும் ஓர் ஓட்டுத்துண்டு முட்டு உண்டு. கேஸ் அடுப்புக்கும் உண்டு. ஆனாலும் தரையை யாரும் சந்தேகப்பட்டதில்லை. பிறந்ததிலிருந்து அதன்மேல்தானே நிற்கிறோம். ஊரையே அளந்தவரும் அதை மட்டும் அளக்கவில்லை.

அண்ணன் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "அடியில பூரா தோண்டி எடுத்துட்டா, மேல இன்னாத்த நேரா நிக்கும்?"

மறுநாள் பங்க்கின் சிமெண்ட் தரையிலேயே டயர்த் துண்டுகளை உருவி, காரைச் சரிசெய்து ஓட்டி வந்தார். வாசலில் நிறுத்தி, "நீயே வெச்சுப் பாரும்மா" என்று ரசமட்டத்தை என்னிடம் கொடுத்தார். தெரிந்ததுதான். கார் பழையபடி வலது பக்கம் சாய்ந்தது. அக்கா கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"இப்ப சாயறது உன் பக்கம்தானே?"

"ஆமாம்மே."

"அப்ப வர்றேன்."

அக்கா ஏறி உட்கார்ந்ததும் இடது பக்கம் மெல்ல இறங்கி, கார் நேராக நின்றது. அண்ணன் தன் பக்கத்துக் கதவைத் திறக்கவே இல்லை.

"ஏறுய்யா, எல்லாரும் பாக்கறாங்க."

"இரும்மே, நான் இன்னும் பாத்து முடிக்கல."

ரசமட்டம் என் கையிலேயே இருந்தது. அதைக் கொடுத்து அந்தப் பார்வையைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.