எழுபதாயிரம் பேர் உட்காரும் கல்லூரி

அன்பு மருமகள் டெஸ்ஸாவுக்கு, வெர்லின் மாமா எழுதுவது. இங்கே நானும் லவான் அத்தையும் நாயும் சௌக்கியம். சோள அறுப்பு முடிந்துவிட்டது, என் முட்டி வலிதான் முடிந்தபாடில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று எனக்கு முன்னமே தெரியும். பெரிய பல்கலைக்கழகத்தில் நீ தவித்துப்போவாய் என்று ஏப்ரலிலேயே சொன்னவன் நான். வாய்விட்டுச் சொல்லவில்லை, மனசுக்குள் சொன்னேன். வாயால் சொன்னது வேறு, அதை மறுக்கவில்லை.

உங்கம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை என்று கல்லூரி பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நம் குடும்பத்தில் உயர்கல்வி அறிந்தவன் நான் ஒருத்தன்தானே. கால்பந்து நடக்கிற சனிக்கிழமையெல்லாம் பல்கலைக்கழக வாகன நிறுத்தத்தில் அடுப்பு மூட்டி சாஸேஜ் வாட்டுகிறவன்; அங்கே இருக்கிற புரொபசர்களில் பாதிப் பேர் என் கடுகு சாஸ் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இருந்தாலும் நியாயமாக இருக்கவேண்டும் என்று உன்னை மினசோட்டாவில் இருக்கிற அந்தச் சின்னக் கல்லூரிக்கும் கூட்டிக்கொண்டு போனேனா இல்லையா? அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் லிண்ட்க்விஸ்ட் என்கிற புரொபசர் தானே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நம் மேஜையில் உட்கார்ந்தார். நீ ஆத்துச் சிப்பி பற்றி என்னவோ கேட்டாய், சூப் ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் மனுஷன் அதற்குப் பதில் சொன்னார். திரும்பி வரும்போது நீ உனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தாய். நான்தான் ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிப் புத்தி சொன்னேன்.

"அந்தாளுக்கு வேற வேலை இல்ல, கண்ணு. மத்தியானம் பூரா உக்காந்து பேசுறவன் எப்படிப் பெரிய ஆளா இருப்பான்? நம்ம ஊர்ல புரொபசரக் கண்ணால பாக்கவே முடியாது. அதுதான் மதிப்பு."

அந்தக் கல்லூரி மொத்தத்தையும் நம் ஸ்டேடியத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தால் பாப்கார்ன் விற்கிறவனுக்குக்கூடக் கண்ணில் படாது என்றும் சொன்னேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, வீடு வந்து சேருவதற்குள் லாரியின் பின்கண்ணாடியில் பல்கலைக்கழக ஸ்டிக்கரை ஒட்டிவிட்டேன்.

நான் சொன்னபடியே ஆச்சு. நதிகளைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொல்கிற மேதையம்மா ஒருத்தர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார் என்றுதானே போனாய்; அவங்க புத்தகத்தோட பின்னட்டையில மட்டும் சிரிக்கிறாங்க, வகுப்புக்கு வர்றது உன்னைவிட நாலு வயசு மூத்த ஒரு பையன், அவனும் நானூறு பேருக்கு நடுவில மைக்கைப் பிடிச்சுக்கிட்டு ஸ்க்ரீனைப் பாத்துத்தான் பேசுறான். இதையெல்லாம் நீயா சொல்லலை, உங்கம்மா சொல்லித்தான் தெரியும். போன சனிக்கிழமை நீ வழக்கம்போல அடுப்புகிட்ட வந்து நின்னே. நான் வழக்கம்போல "வாடி டெஸ்ஸா"ன்னு கத்தினேன். நீ சாஸேஜை வாங்கிக்கிட்டு, எதுவோ விலை சொல்ற மாதிரி சாதாரணமா ஒண்ணு சொன்னே.

"இந்த வாரத்துல என் பேரைச் சொன்ன முதல் ஆள் நீங்கதான் மாமா."

நான் உன் தட்டுல இன்னும் கொஞ்சம் கடுகு சாஸ் ஊத்தினேன். அன்னிக்கு ஆட்டத்துல யாரு ஜெயிச்சான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அதனாலதான் செவ்வாய்க்கிழமை யாருக்கும் சொல்லாமல் லாரியை எடுத்துக்கொண்டு மினசோட்டா போனேன். கல்லூரித் தலைவரே வாசலுக்கு வந்து குடை பிடித்தார், சூப் கொடுத்தார், என் மாதிரி விஷயம் தெரிந்த மாமா எல்லாப் பிள்ளைக்கும் வாய்க்காது என்று வருத்தப்பட்டார். பிறகு சேர்க்கை பார்க்கிற திருமதி ஸ்வான்பெர்க்கிடம் உனக்காக வாதாடினேன். அந்தம்மா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இடமெல்லாம் முடிந்துவிட்டது, இப்படி ஒரு பெண் வந்துபோனதே ஞாபகம் இல்லை என்று கையை விரித்துவிட்டார். என்ன செய்வது? இருக்கிற இடத்திலேயே மனசைத் தேற்றிக்கொள். சனிக்கிழமை வா, உனக்கென்று தனியாக வாட்டிவைக்கிறேன்.

உடம்பு, படிப்பு, தூக்கம் மூன்றும் உனக்கு நன்றாக அமையட்டும். அத்தை முத்தம் அனுப்புகிறாள், நாய் வாலாட்டம் அனுப்புகிறது.

உன் மேல் உயிரான
வெர்லின் மாமா

பி.கு.: அத்தை இதை வாங்கிப் படித்தாள். "ஏங்க, அந்தப் பொண்ணு இதை நம்பிடுவா" என்றாள். அதற்கப்புறம் உறையை ஒட்ட முடியவில்லை. குடையும் சூப்பும் போகட்டும், அது என் வழக்கம். ஆனால் ஸ்வான்பெர்க் அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. நான் உன் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, "ஆத்துச் சிப்பிப் பொண்ணுதானே? லிண்ட்க்விஸ்ட் இன்னும் விசாரிச்சுக்கிட்டே இருக்கார்"ன்னாங்க. ஜனவரியில சேர இடம் இருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள நீயே போன் பண்ணணுமாம், நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கேன். அங்கேயிருந்து சனிக்கிழமை சனிக்கிழமை வந்துபோக முடியாது, அதான் இடமில்லைன்னு எழுதிட்டேன். போன் பண்ணு, கண்ணு. இந்தத் தடவை என்னைக் கேக்காதே.