ஜாய்ஸ்டிக்குக்கு எண்ணெய் விட்ட மாப்பிள்ளை

வீட்டில் ஏதாவது கெட்டுப்போனால், "குடுங்க, நான் பார்க்கிறேன்" என்று முதலில் கை நீட்டுகிறவனை நம்பக்கூடாது. வேலை தெரிந்தவன் அவ்வளவு சீக்கிரம் கை நீட்டமாட்டான். அதில் எத்தனை வில்லங்கம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தெரியாதவனுக்குத்தான் உற்சாகம் பொங்கும். கல்யாணமான முதல் வருடத்தில் எனக்கு அது அளவுக்கு மீறிப் பொங்கியது.

எனக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். வேலை அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில். மனைவி ஷீலாவுக்கு ஆவடி சேக்காடு. இரண்டும் கிறிஸ்தவக் குடும்பம், அப்புறம் என்ன பிரச்சினை என்று ஆபீஸ் நண்பர்கள் கேட்டார்கள். அவர்கள் ஆர்.சி., நாங்கள் பிராட்டஸ்டண்டு. (இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.) சுருக்கமாகச் சொன்னால், அவர்கள் வீட்டில் மாதா சொரூபம் உண்டு, மெழுகுவர்த்தி உண்டு, மந்திரித்த தண்ணீர் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு பைபிள் வசனக் காலண்டர் உண்டு. என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை நல்ல பையன் என்று ஏறக்குறைய ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் மாதா முன்னால் எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது நான் மட்டும் ஃபேன் ரெகுலேட்டர் பக்கத்தில் கை கட்டி நிற்பதை அவர் கவனிக்காமல் இல்லை.

ஷீலாவின் அண்ணன் ஜெரால்டு துபாயில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். எங்கள் கல்யாணத்துக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்தபோதுதான் முதல் முறையாகப் பார்த்தேன். வந்த நாளிலிருந்து என்னிடம் "சாப்டியா மாப்ள" என்பதைத் தாண்டி எதுவும் பேசவில்லை. அவருக்கு ஒப்பந்தம் முடிகிற சமயம். திரும்பிப் போனால்தான் வேலை நீடிக்குமா, பெட்டியைக் கட்டச் சொல்வார்களா என்று தெரியும். வீட்டில் எல்லோருக்கும் அதே கவலை. அத்தைக்குச் சாப்பாடுகூட இறங்கவில்லை.

ஜெரால்டு கிளம்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை மதியம், பரணிலிருந்து பழைய வீடியோ கேம் பெட்டியை இறக்கினார். பள்ளிக்கூட நாளில் அண்ணனும் தங்கையும் கால்பந்து விளையாடிய பெட்டி. போவதற்கு முன் ஷீலாவோடு ஒரு மேட்ச் ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டார். பெட்டி ஓடியது. ஆனால் இரண்டு கன்ட்ரோலரில் ஒன்றின் ஜாய்ஸ்டிக் தேய்ந்துபோயிருந்தது. கையை எடுத்தால் நடுவுக்குத் திரும்பாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. திரையில் ஆட்டக்காரன் பந்தை விட்டுவிட்டு இடது பக்கமாக ஓடி, கோட்டைத் தாண்டி, விளம்பரப் பலகையில் முட்டிக்கொண்டே இருந்தான்.

"செத்துப்போச்சு" என்றார் ஜெரால்டு. முகம் வாடிவிட்டது.

"குடுங்க மச்சான், நான் பார்க்கிறேன்" என்றேன்.

இப்படி ஒரு வாய்ப்புக்காகத்தான் காத்திருந்தேன். போனில் ஒரு வீடியோவைப் பார்த்தேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் கன்ட்ரோலரைக் கழற்றி, உள்ளே சேர்ந்திருக்கும் தூளைத் துடைத்து, அதற்கென்று விற்கும் ஒரு மசகைக் கடுகளவு தடவினார். ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் அந்த மசகை எங்கே தேடுவது? நானும் கழற்றினேன். ஜாய்ஸ்டிக் உட்காரும் குழியில் பிளாஸ்டிக் தேய்ந்து மாவாகக் கொட்டிக் கிடந்தது. ஊதினேன். கண்ணில் விழுந்தது. அதையும் துடைத்துக்கொண்டு எண்ணெய் தேடக் கிளம்பினேன்.

ஹாலில் ஒரு பழைய தையல் மிஷின் உண்டு. இழுப்பறையைத் திறந்தேன். தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, ஊக்கு. (கரண்ட் போனால் உதவும், விவரமான குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.) மூலையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற சின்ன பாட்டில், அதில் எண்ணெய். தையல் மிஷின் இழுப்பறையில் எண்ணெய் இருந்தால் அது தையல் மிஷின் எண்ணெய். உலகத்தில் எந்த நீதிமன்றத்திலும் நான் இதைச் சொல்வேன். மிஷின் மேல் பூவேலை செய்த வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் மாதா சொரூபம் நின்றுகொண்டிருந்ததை நான் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு சொட்டு விட்டேன். அசைக்கும்போது வந்த கிரீச் சத்தம் குறைந்தது. இன்னொன்று விட்டேன், நின்றேவிட்டது. தோசைக்கல்லாக இருந்தாலும் எண்ணெய் தாராளமாக விட்டால்தான் ஒட்டாது என்பது என் கட்சி. அதனால் பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிவரை பிழிந்தேன்.

மூடி, மாட்டி, ஜெரால்டு கையில் கொடுத்தேன். ஜாய்ஸ்டிக் வெண்ணெய் மாதிரி அசைந்தது. அவர் முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆட்டம் தொடங்கியது. அவருடைய ஆட்டக்காரன் இடது பக்கம் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தான். பிறகு தன் கோல்கீப்பரையே துரத்தினான்.

ஜெரால்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "மாப்ள, மொதல்ல இவன் ஒரு பக்கம் ஓடிக்கினு இருந்தான். அதாச்சும் ஒரு கணக்குல இருந்துச்சு. இப்ப பேய் புடிச்சவன் மாரி கீறான்."

அந்த நேரத்தில் அத்தை வந்தார். "டாக்ஸி வந்துரும். எல்லாரும் எழுந்து வாங்க, ஜெபம் சொல்லிடலாம்." மெழுகுவர்த்தியை ஏற்றினார். இழுப்பறையைத் துழாவினார். காலி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஷீலா, எண்ணெ எங்கடி?"

உதவி செய்யும் எண்ணத்தில் நான்தான் பதில் சொன்னேன். "மிஷின் எண்ணெயா அத்தை? தீர்ந்துபோச்சு. நாளைக்கு வேற வாங்கிட்டு வந்துடுறேன்."

ஷீலா என்னைப் பார்த்த பார்வையில் கல்யாண ஆல்பம் எரிந்தது. மெதுவாக விளக்கினாள். அது வேளாங்கண்ணியில் மந்திரித்து வாங்கிய எண்ணெய். அத்தை காவிப் புடவை கட்டி, இந்த வருடமும் சென்னையிலிருந்து நடந்தே போய் வாங்கி வந்தது. ஜெரால்டு துபாய் கிளம்பும் ஒவ்வொரு முறையும் நெற்றியில் அதைத் தொட்டுச் சிலுவை போட்டுத்தான் அனுப்புவார். வாங்கிய பாட்டில் ஒழுகியதால் மருந்து பாட்டிலுக்கு மாற்றி வைத்திருந்தார்.

"தையல் மிஷின் டிராயர்ல இருந்துச்சு அத்தை" என்றேன்.

"அது தையல் மிஷின் இல்ல மாப்பிள்ளை. பீடம்" என்றார்.

"உங்க ஆளுங்க இதுக்குன்னே உன்ன அனுப்புனாங்களா?" என்று கேட்டார் ஜெரால்டு. அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அத்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். "ஒரே ஒரு தடவ அவசரத்துல பூசாம அனுப்புனேன். அந்த மாசமே கம்பெனிய மூடிட்டான். இப்ப இவன் வேல இருக்கிற நெலமைக்கு நான் எப்படி அனுப்புவேன்?" நடந்த பாதம் வெடித்து, செருப்புப் போட முடியாமல் அவர் கிடந்த நாட்களை நானே பார்த்திருக்கிறேன். அத்தனையையும் ஒரு பொம்மைக்குள் பிழிந்துவிட்டு நின்றேன். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "தேங்காய் எண்ணெய் வெச்சு நாமளே ஜெபம் பண்ணிக்கலாமே அத்தை" என்றேன்.

"உங்க சபை வழக்கத்த இன்னொரு நாள் பாத்துக்கலாம் மாப்பிள்ளை" என்றார் அத்தை.

வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இப்ப அந்த எண்ணெ எங்க இருக்கு?"

"உள்ளே இருக்கு அத்தை."

"உள்ளதானே இருக்கு? எங்கயும் போயிடலையே. தொறங்க."

கன்ட்ரோலரை மாதா காலடியில் வைத்தார்கள். பக்கத்தில் மெழுகுவர்த்தி எரிந்தது. திருகாணிகள் பொடி, ஹாலில் வெளிச்சம் போதவில்லை. வேறு வழியில்லாமல் முழங்காலில் நின்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பின்னால் அத்தையும் ஷீலாவும் 'அருள்நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் மாதா முன்னால் முழங்காலிட்ட முதல் தடவை அதுதான்.

உள்ளே எண்ணெய் இருந்தது. பழைய அழுக்கும் பிளாஸ்டிக் மாவும் கரைந்து கருப்பு மையாகியிருந்தது. அத்தை தயங்கவில்லை. கட்டைவிரலைக் குழியில் அழுத்தித் தொட்டு, மகன் நெற்றியில் சிலுவை போட்டார். நெற்றியில் சாம்பலால் சிலுவை போடும் சாம்பல் புதன் டிசம்பரிலேயே வந்துவிட்டது. அம்மாவின் கைக்கு எட்டுவதற்காக ஜெரால்டு குனிந்துகொடுத்தார். "போய்ட்டு வரேம்மா" என்றார். அத்தை ஷீலாவுக்கும் போட்டார். பிறகு திரும்பி என் நெற்றியிலும் போட்டார். அது மன்னிப்பா, விரலைத் துடைத்துக்கொண்டதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

விமான நிலையத்திலிருந்து ஜெரால்டு போன் செய்தார். "தலைல அடிபட்டுச்சான்னு பாக்குறவன்லாம் கேக்குறான் மாப்ள. அம்மாகிட்ட சொல்லு, நான் தொடைக்கல."

ஒப்பந்தம் நீடித்தது. சம்பளமும் கொஞ்சம் கூடியது. கிடங்கில் ஆள் பற்றாக்குறை என்பது என் கருத்து. என் கருத்தை யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு வேளாங்கண்ணியிலிருந்து புது எண்ணெய் வந்தது. அத்தை பாட்டிலை நேராக என்னிடம் கொடுத்து, "அதுக்குள்ள ஊத்திடுங்க மாப்பிள்ளை" என்றார். நேரடியாக நெற்றியில் வைக்கலாமே என்றதற்கு, ராசியானதை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டார். கன்ட்ரோலர் இப்போது பீடத்தில் இருக்கிறது. விளையாடவும் உதவாது, மந்திரித்த பொருள் என்பதால் குப்பையில் போடவும் முடியாது. ஜெரால்டு துபாய்க்குக் கிளம்பும்போதெல்லாம் நான் ஸ்க்ரூ டிரைவரோடு ஆஜராக வேண்டும். கழற்றும் வேலையை வேறு யாரும் செய்யக் கூடாதாம்.

போன மாதம் மண்ணூர்பேட்டையில் இருக்கும் ஷீலாவின் சித்தி மகன் கனடா கிளம்பினான். கன்ட்ரோலரை அனுப்பச் சொன்னார்கள். கூடவே என்னையும். லீவு போட்டுவிட்டுப் போனேன். நாகர்கோவிலில் அம்மாவுக்குத் தெரிந்தால் உபவாச ஜெபம் வைத்துவிடுவாள். அதனால் ஷீலா வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் செய்து கொடுக்கிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.