பலாக்காய்க்குள் புகுந்த பேய்

எல்கடுவ தேயிலை மலையில் ஸ்கேன் மாஸ்டர் இறங்கிவிட்டார்! மந்திரம், வேப்பிலையெல்லாம் பழசாம். மாஸ்டரிடம் மெஷின் இருக்கிறது. மாட்டு வயிற்றிலோ மனுசன் மண்டையிலோ பேய் குந்தியிருந்தால் ஸ்கிரீனில் முகம் காட்டுமாம். லக்கலயில் பஸ் கிடைக்காத பௌத்தன் டிராக்டரில் வந்தான். வஹகோட்டைக் கத்தோலிக்கர் வேன் பிடித்து வந்தார்கள். பேய்க்கு மதமில்லை. ஏமாறுகிறவனுக்கும் இல்லை.

இத்ரூஸும் தன் குதிரை சுல்தானாவை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மாத்தளையில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகிற குதிரை. ஒரு மாசமாகப் பின்கால் இழுக்கிறது. முதுகில் கை வைத்தால் துள்ளுகிறது. பிள்ளை மாதிரி வளர்த்த ஜீவன். மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை.

மாஸ்டர் குதிரையைத் தடித்த கம்பளியால் மூடி, அதன்மேல் கருவியை வைத்தார். ஸ்கிரீனில் ரெண்டு கண், ஒரு வாய், ஒரே ஆட்டம்!

"இடுப்பெலும்புல குந்திக்கிட்டிருக்கு. குதிரையை இங்கயே விட்டுட்டுப் போங்க. வீட்டுக்குக் கொண்டுபோனா வீட்டாளுங்களைப் பிடிச்சிடும்."

உல்லாசப் பயணிகளுக்குக் குதிரைச் சவாரி விட மாஸ்டர் போட்டிருந்த திட்டம் பேய்க்கு மட்டும்தான் தெரியும்.

இத்ரூஸ் கண்கலங்கிக் கயிற்றை நீட்டினார். மனைவி ஆஸியா அதைப் பறித்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்க. மிருக டொக்டரை வரச் சொல்லியிருக்கேன்."

கையடக்க ஸ்கேனோடு வந்த டொக்டர் தினுஷா, யாரோ காணிக்கை வைத்த பலாக்காயை மேசையில் தூக்கி வைத்தார். மாஸ்டரின் கருவியை வாங்கி அதில் வைத்தார். அதே கண். அதே வாய். அதே ஆட்டம்.

மாஸ்டர் விடுவாரா? "பாத்தீங்களா! பேய் பலாக்காய்க்குத் தாவிடுச்சு!"

"நல்லதாப் போச்சு," என்றார் ஆஸியா. "பேய் பிடிச்சதை நீங்க வச்சுக்குங்க. குதிரையை நாங்க கொண்டுபோறோம்."

கூட்டம் சிரித்தது. தினுஷா கருவியின் வயரை இழுத்தார். மறுமுனை எதிலும் சொருகாமல் வெறுமனே வந்தது. ஸ்கிரீனில் பேய் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அட, வீடியோ! மாஸ்டர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தேயிலைக்குள் பாய்ந்தார்.

அப்புறம் தினுஷா குதிரையின் இடுப்பு மயிரை வழித்து, ஜெல் பூசி, நிதானமாகத் தன் ஸ்கேனில் பார்த்தார்.

"முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேர்ற இடத்துல, பிணைக்கிற நார் கிழிஞ்சிருக்கு. நல்லா ஓய்வு குடுத்தா ஆறும். எங்கயாச்சும் சறுக்குச்சா?"

"ஆமா டொக்டர். போன மாசம் மழையில மாப்பிள்ளையோட சேர்ந்து சறுக்கி விழுந்துச்சு," என்றார் இத்ரூஸ்.

"யா அல்லாஹ்! இதை ஏன் மாஸ்டர்கிட்ட சொல்லல?" என்றார் ஆஸியா.

"அவரு கேக்கலயே!"

கேட்காமலே எல்லாம் தெரிந்தவரைத் தேடி மலையேறுகிற மகாசனங்களே, அடுத்த தடவை வரும்போது கையில் ஒரு பலாக்காய் கொண்டு வாருங்கள்.