பெருவிரல் வரும்வரை ஜாஸை நிறுத்தாதீர்கள்

மதிப்புக்குரிய வானொலி நிகழ்ச்சி ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டாம் மாடியிலிருந்து வணக்கம். நீங்களும் உங்கள் வீட்டாரும் நன்றாக இருக்க வேண்டும். என்னுடைய மூன்று கடிதங்களுக்கு நீங்கள் ஒரு வரி பதில் போடவில்லை என்பதை மறக்காமலேதான் இப்படி வாழ்த்துகிறேன். தேதி கேட்டால் மூன்றையும் சொல்வேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். ஆனால் இந்தக் காதில் விழுந்தது எதுவும் இதுவரை வெளியே போனதில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு நீங்கள் போடும் 'ஜாஸ் மேதைகள்' நிகழ்ச்சி இந்த மாதத்தோடு முடிகிறது, அதற்குப் பதிலாகச் செடி வளர்ப்பது பற்றி ஒருவர் பேசுவார் என்று அறிவித்தீர்களே, அது நடக்கக்கூடாது. காரணம் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். போன வருஷம் பக்கவாதம் வந்து, கியர் போட்ட இடது கை மரக்கட்டையாக விழுந்துவிட்டது, வாயும் குழறி ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் வராமல் போய்விட்டது. பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால் அவர் மேலே மின்விசிறியைப் பார்ப்பார். அப்படி இருக்கும்போது ஒரு சனிக்கிழமை செய்தி கேட்கலாம் என்று ரேடியோவைத் திருகப்போய் உங்களிடம் மாட்டிக்கொண்டேன். எனக்கு அது அலமாரியிலிருந்து பாத்திரம் உருண்ட சத்தமாகத்தான் இருந்தது. அணைக்கப் போனவள் திரும்பிப் பார்க்கிறேன், அவருடைய அந்த இடது கை ஆள்காட்டி விரல் போர்வை மேல் ஆடுகிறது! தாளம் போடுகிறார் மனுஷன்! நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுத் தையல்காரர் அளவுக்கோலை எடுத்துத் தன் கூரையை, அதாவது என் தரையை, வழக்கம்போல இடித்தார். என் மகளின் பள்ளிச் சீருடையை ஒரு சாண் குட்டையாகத் தைத்த ஆள் அவர், அன்று வரை பதினேழு வருஷமாக நாங்கள் முகம் பார்த்ததில்லை.

அதிலிருந்து இருபத்திரண்டு வாரம், ஒன்றுகூட விடவில்லை. ராஜா, பிரபு என்றெல்லாம் பட்டப்பெயர் வைத்துக்கொண்ட மேதைகள், கறுப்பர்கள் என்பதால் தாங்கள் வாசித்த ஹோட்டலுக்குள்ளேயே முன்வாசல் வழியாக நுழைய முடியவில்லை என்று சொன்னீர்களே, அந்த ஹோட்டல்காரன் மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை. பின்வாசலில் வந்தவர்கள் அப்படி வாசித்தார்கள் என்றால், முன்வாசலில் விட்டிருந்தால் கட்டிடமே எழுந்து ஆடியிருக்கும். தீயில் கை வெந்து, இரண்டே விரலில் கிடாரைப் பேசவைத்தவர் கதையைக் கேட்ட அன்று, "கேட்டீங்களா? அவருக்கு ரெண்டே விரலு. உங்களுக்கு அஞ்சும் பத்திரமா இருக்கு, என்ன குறைச்சல்?" என்று அவரை ஒரு பிடி பிடித்தேன். மறுவாரம் நடுவிரலும் அசைந்தது. (தீப்பிடித்தபோது அந்தக் கிடார்காரருக்கு வயது பதினெட்டு என்று ஆறாவது வாரம் சொன்னீர்கள், பதினான்காவது வாரம் இருபது என்றீர்கள். பதினெட்டுதான். பேத்தி புத்தகத்தில் பார்த்துவிட்டாள்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜாஸில் ஒருவர் தனியாக வாசிக்கும்போது மற்றவர்கள் குறுக்கே வராமல், அடியில் மெதுவாகத் தாங்கிக்கொண்டு நிற்பார்கள் என்றீர்கள். நாற்பத்தாறு வருஷத்தில் இந்த வீட்டில் யாரும் அப்படி நின்றதில்லை, முக்கியமாக நான். அவர் "த... த..." என்று ஆரம்பித்தால், "தண்ணியா, தலைவலியா, தலையணையா" என்று நானே முடித்து வைப்பேன். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். முதல்முறை அரை நிமிஷம் பொறுத்ததில், "தள்ளி நில்லு" என்று முழுசாக வந்தது.

தையல்காரர்கூட இப்போது நாலு மணிக்கு முக்காலியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடுகிறார். "அக்கா, அந்த ட்ரம்பெட்காரர் கதை இன்னிக்கு உண்டா?" என்று முதல் நாள் வாசலிலேயே கேட்டார். "சீருடைய நான் மறக்கலப்பா. உள்ள வந்து உக்காரு" என்றேன்.

போன வாரம் பயிற்சிப் பெண் அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாட்டி, நாலு விரல் வந்துடுச்சு! பெருவிரல் மட்டும்தான் பாக்கி" என்றாள். இந்த நேரம் பார்த்து நீங்கள் செடி வளர்க்கக் கிளம்பினால் அந்தப் பெருவிரலுக்கு யார் பொறுப்பு? செடி ஒரு மாதம் கழித்து முளைத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

நல்ல முடிவாக எடுத்து, நூறு வயது வரை கூர்மையான காதோடு வாழுங்கள். உங்கள் அறிவிப்பாளர் தம்பியைத் தொண்டையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், இருமுகிறார்.

இப்படிக்கு,
மூன்று பதில்கள் வரவேண்டிய நேயர்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் இதை அவருக்குப் படித்துக் காட்டினேன். தலையைத் தலையை ஆட்டினார். நான் குறுக்கே பேசாமல் காத்திருந்தேன். நின்று நின்று சொன்னார்: "அடியே, நான் தாளம் போடல. அந்தக் கருமத்த நிறுத்தத்தான் இத்தனை மாசமா கையத் தூக்குறேன்." எண்ணிப் பார்த்தேன், பதினொரு சொல்! பயிற்சிப் பெண்ணுக்கு போன் போட்டுச் சொன்னேன், அவள் அழுதேவிட்டாள். ஆகையால் ஐயா, வாரம் ஒரு நாள் போதாது, நிகழ்ச்சியைத் தினமும் போடுங்கள். ரேடியோவை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டேன். குமிழ் கொஞ்சம் இறுக்கம், பெருவிரல் இல்லாமல் திருக முடியாது.