நான் மடித்த இரண்டு பூப்பொட்டலங்கள்

வாழ்க்கையில் நான் சாமியை ஒரே ஒரு முறைதான் ஏமாற்றப் பார்த்திருக்கிறேன். அதையும் எனக்கு உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, யாரும் கேட்காமலேயே நானாக வாய்விட்டு ஒப்புக்கொண்டு, அத்தாட்சியையும் என் கைப்பையிலிருந்தே எடுத்து நீட்டினேன். பிடிபடாத திருடர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தன்னைத் தானே பிடித்துக் கொடுத்த திருடி எங்கள் வகையறாவில் நான் ஒருத்திதான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அடுத்தவர் செய்த வேலையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. அதனால் உலகத்தில் இருக்கும் எல்லா ஓட்டையும் என் கண்ணுக்குத் தெரியும் என்ற நினைப்பில் நடமாடிக்கொண்டிருந்தேன். (வீட்டில் எரிவாயு அடுப்பை அணைக்க மறந்து இரண்டு முறை பால் பாத்திரத்தைத் தீய்த்தது வேறு கணக்கு.)

பிரச்சினை என் அண்ணன் மகளின் பெயரால் வந்தது. அதற்கு முன் அண்ணியைப் பற்றிச் சொல்லவேண்டும். அண்ணி ஸ்டெல்லா வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மா தேயிலை பறித்து, ஒற்றை ஆளாய் நின்று, அண்ணியைப் படிக்க வைத்து டீச்சர் ஆக்கினார். சூலூர் பக்கத்தில் எங்கள் அப்பா பன்னிரண்டு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். குலதெய்வம் பொன்னாத்தாளைக் கேட்காமல் ஒரு தறிக்குக்கூட எண்ணெய் விடாத ஆள். இந்த வீட்டுப் பையன் அந்த வீட்டுப் பெண்ணைக் காதலித்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் நடந்தது. அப்பா எட்டு மாதம் அண்ணியோடு பேசவில்லை. பெரியப்பா எங்கள் வீட்டு வாசலையே மிதிக்கவில்லை.

அப்பாவின் எட்டு மாத விரதத்தைக் கண்புரை ஆபரேஷன் முடித்து வைத்தது. கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தவருக்கு அண்ணி தினமும் செய்தித்தாள் வாசித்துக் காட்டினார், நூல் விலையிலிருந்து இரங்கல் விளம்பரம் வரைக்கும். நாலாவது நாள் அப்பா, “அந்தப் பக்கத்த இன்னொருக்கா படி அம்மணி” என்றார். அன்றிலிருந்து அவர் அம்மணிதான். பெற்ற மகளான எனக்கு அந்த ‘அம்மணி’ அபூர்வமாகத்தான் கிடைக்கும் என்பதை இங்கே வயிற்றெரிச்சலோடு பதிவு செய்கிறேன்.

அண்ணி ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது அவருடைய அம்மா இறந்துபோனார். பேத்தியைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அந்த அம்மாவின் பெயர் ஆரோக்கியமேரி. பெண் குழந்தை பிறந்தால் அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று அண்ணி மனதுக்குள் முடிவு செய்துகொண்டார். வெளியே சொல்லவில்லை. குழந்தை பிறந்து நல்லபடியாக வீட்டுக்கு வந்த பிறகு நிதானமாகச் சொல்லலாம் என்று இருந்தார்.

அப்பா அந்த நிதானத்துக்கு இடம் கொடுக்கவில்லை. பேத்தி பிறந்த சந்தோஷத்தில் நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டார். பேர் வைக்கிற விசேஷத்தை மூன்றாம் மாதம் கோயிலில் கெடாவெட்டோடு வைப்பதாகவும், குழந்தைக்குப் பொன்னாத்தா என்று ஆத்தா பேரையே வைக்கப்போவதாகவும், முன்னால் நின்று நடத்திக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டார். மூன்று வருஷ வீம்பை விட்டுப் பெரியப்பாவும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அப்பா வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்தபோதுதான் அண்ணி தன் ஆசையைச் சொன்னார்.

அடுத்த பத்து நாட்கள் எங்கள் வீட்டில் சத்தம் போட்டது தறிகள் மட்டும்தான். அப்பா சொன்ன சொல்லை மாற்றிப் பழக்கம் இல்லாதவர். நம் வீட்டுப் பிள்ளையை ஆரோக்கியமேரி என்று ஊரில் எப்படிக் கூப்பிடுவது, பங்காளிகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அம்மாவிடம் மட்டும் புலம்பினார். அம்மா பாத்திரம் கழுவும் வேகத்திலேயே அவருக்குப் பதில் சொன்னார். பெற்றவளுக்காக நினைத்த ஒரே ஒரு காரியமும் நடக்காமல் போகிறது என்பது அண்ணி முகத்தில் தெரிந்தது. அண்ணன் மட்டும் தைரியமாக வாயைத் திறந்து, இரண்டுமே வேண்டாம், ‘ஆத்விகா’ என்று வைக்கலாம் என்றான். அப்பாவும் அண்ணியும் ஒரே நேரத்தில் அவனை முறைத்தார்கள். அந்தப் பத்து நாளில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

கடைசியில் அண்ணனே ஒரு வழி சொன்னான். (தான் முடிவெடுக்க வேண்டியதை இன்னொருவர் தலையில் கட்டுவதில் அவனுக்கு ஈடு கிடையாது. இந்த முறை சாமி தலையில் கட்டினான்.) கோயிலில் பூவாக்குக் கேட்டுவிடலாம் என்றான். எங்கள் பக்கம் எந்த நல்ல காரியத்துக்கும் இது உண்டு. ஒரே அளவில் இரண்டு வாழையிலைத் துண்டு எடுத்து, ஒன்றில் வெள்ளை அரளியும் இன்னொன்றில் சிவப்பு அரளியும் வைத்து மடித்து, நாரில் கட்டி, சாமி காலடியில் வைப்பார்கள். ஒன்றும் அறியாத ஒரு பிஞ்சுக் கை எதைத் தொடுகிறதோ அதுதான் உத்தரவு. வெள்ளை வந்தால் ஆரோக்கியமேரி, சிவப்பு வந்தால் பொன்னாத்தா. குழந்தையே தொடட்டும் என்று ஏற்பாடு. அப்பா ஒத்துக்கொண்டார். ஆத்தாளே வெள்ளையைக் கொடுத்தால் பெரியப்பாவும் ஒன்றும் சொல்ல முடியாது. அண்ணியும், “கேளுங்க மாமா, எனக்குச் சம்மதம்” என்றார்.

பொட்டலம் மடிப்பது, பிறகு குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொல்வது, இரண்டும் அத்தையின் உரிமை. அதாவது என் வேலை.

விசேஷத்துக்கு முதல் நாள் அண்ணியின் அறைக்குப் போனேன். குழந்தையை ஒரு பழைய நீல ஸ்வெட்டரில் சுற்றி மடியில் வைத்திருந்தார். மலைக் குளிருக்கு அவருடைய அம்மா போட்டுக்கொண்ட ஸ்வெட்டர். சித்திரை வெயிலில் சூலூரில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்க வாயெடுத்தவள், அண்ணி அந்த ஸ்வெட்டர் கையை முகர்ந்து பார்ப்பதைக் கண்டு வெளியே வந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. அந்த நிமிஷமே, பூவாக்கில் ஓட்டை போடுவது என்று முடிவு செய்தேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையை வைத்துவிட்டால் எதைத் தொட்டாலும் ஒரே விடை. எந்தப் பக்கம் சோதித்தாலும் தப்பே வராது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் கோயிலில் எல்லாம் திட்டப்படி நடந்தது. கிணற்றடியில் உட்கார்ந்து இரண்டு இலையிலும் வெள்ளை அரளியை வைத்து இறுக்கிக் கட்டினேன். எல்லோரும் பார்க்க எடுத்துப்போன சிவப்புப் பூ மிச்சமாயிற்றே, அதைக் கைப்பைக்குள் போட்டேன். அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன் வந்தது. தட்டைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டு வேப்பமரத்துப் பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தேன். தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. கொண்டுபோய்ப் பூசாரியிடம் கொடுத்தேன்.

பூசை முடிந்தது. சனமெல்லாம் சுற்றி நின்றது. பெரியப்பா முன்வரிசையில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் குழந்தையைத் தட்டுக்கு மேலே குப்புறப் பிடித்தான். மூன்று மாதக் குழந்தை சற்று நேரம் எங்கள் எல்லோரையும் வேடிக்கை பார்த்தது, கொட்டாவி விட்டது, பிறகு வலது கையை வீசி ஒரு பொட்டலத்தின் மேல் வைத்தது. பூசாரி பிரித்தார். உள்ளே செக்கச் சிவப்பாக அரளி இருந்தது.

“ஆத்தா சொல்லிப்போட்டா” என்றார் பெரியப்பா.

நான் வைத்தது வெள்ளை. என் கையால் வைத்து, என் கையால் கட்டியது. அது சிவப்பாகியிருக்கிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதுவரை தேர்வுக்கு முந்தைய நாள் மட்டும் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த நான், பொன்னாத்தா என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக மனதார நம்பினேன். கண்ணெதிரே கர்ப்பக்கிரகத்தில் அவள் என்னையே பார்ப்பது போல் இருந்தது. அந்த நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் வேலைப் பழக்கம் விடுமா? அவள் ஒன்றை மட்டும் மாற்றினாளா, இரண்டையும் மாற்றினாளா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பாய்ந்து போய் இரண்டாவது பொட்டலத்தையும் பிரித்தேன். அதுவும் சிவப்பு.

“ரெண்டுலயும் நான் வெள்ளையத்தானுங்க வெச்சேன்!”

இதைச் சொன்னதோடு நின்றேனா என்றால் இல்லை. யாரும் நம்பமாட்டார்களோ என்று கைப்பையைத் திறந்து, கசங்கிய சிவப்பு அரளியை எடுத்துப் பூசாரியிடம் நீட்டினேன்.

பூசாரி மூன்று சிவப்புப் பூக்களையும் மாறி மாறிப் பார்த்தார். தன் காலத்தில் இந்தக் கோயிலில் இப்படி ஒரு உத்தரவு வந்ததில்லை என்று மெதுவாகச் சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். (சிரிப்பை அடக்கத்தான் என்று வெகுநாள் கழித்துச் சொன்னார்.) அப்போது அண்ணி முன்னால் வந்தார். குழந்தையின் துணிப்பைக்குள் கைவிட்டு இரண்டு வெள்ளை அரளியை எடுத்துத் தட்டில் வைத்தார். நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது மேடையில் இருந்த பொட்டலங்களைப் பிரித்திருக்கிறார். வெள்ளை இருக்கும் ஒன்றை மட்டும் சிவப்பாக மாற்றினால் போதும் என்று பிரித்தவர், இரண்டும் வெள்ளையாக இருக்கக் கண்டு, வேலியோரச் செடியில் இரண்டு பூ பறித்து இரண்டையும் மாற்றிவிட்டார்.

அப்பாவுக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. சிவப்பு வந்தால் அண்ணியின் ஆசைதானே போகும்?

“நீ எதுக்கு அம்மணி செவப்ப வெச்சே?” என்றார்.

அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “இத்தன சனத்துக்கு முன்னால நீங்க குடுத்த சொல்லு தோத்துப்போகக் கூடாதுங்க மாமா. மூணு வருசம் கழிச்சுப் பெரிய மாமா வந்திருக்காங்க. எங்கம்மா என்ர மனசுல இருந்துக்குவாங்க.”

அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் கேட்கும் முன்பே நான் அழ ஆரம்பித்திருந்தேன். ஸ்வெட்டர், குளிர், அண்ணியோட அம்மா என்று ஏதேதோ உளறினேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. புதிதாகப் பூப்பறித்து, வேறு யாரையாவது மடிக்கச் சொல்லி, மறுபடி கேட்போம் என்றார் பெரியப்பா. அப்பா தலையாட்டி மறுத்தார்.

“வேண்டாமுங்கண்ணா. ஆத்தா முன்னால நின்னு ரெண்டு பேரும் திருடியிருக்காளுக. ரெண்டு பேரும் தனக்குன்னு திருடல. இதுக்கு மேல என்ன வாக்குக் கேக்கறது?” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “போ சுதா. எந்தப் பேருக்கு வெள்ளைய முடிஞ்சயோ, அந்தப் பேரையே புள்ள காதுல சொல்லு.”

மூன்று முறை சொன்னேன். அழுத மூக்கோடு சொன்னதில் முதல் முறை குழந்தைக்கே கேட்டிருக்காது. மூன்றாவது முறை சொல்லும்போது அண்ணி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். கொடுத்த சொல் தவறிவிட்டதால் பெரியப்பா கிளம்பிவிடுவார் என்று அப்பா பயந்தார். அவரும் கோபமாகத்தான் செருப்பைத் தேடிப் போனார். செருப்பு கிடந்த இடம் பந்திக்குப் பக்கம். கறிக்குழம்பு வாசத்தில் மனம் மாறி, அதே கோபத்தோடு உட்கார்ந்து, இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அடுத்த பொங்கலுக்கும் வந்தார்.

அப்பா ரொம்ப நாள் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. கண்ணு, தங்கம் என்று சமாளித்துக்கொண்டிருந்தார். குழந்தை நடக்கத் தொடங்கிய புதிதில் ஒருநாள், ஓடிக்கொண்டிருந்த தறியைப் பார்த்துத் தத்தித் தத்திப் போய்விட்டது. அப்பா, “ஆரோக்கியமேரி!” என்று போட்ட சத்தம் பன்னிரண்டு தறிச் சத்தத்தையும் தாண்டித் தெருவுக்கே கேட்டது. ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டவர், அதே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். அன்று பழகிய வாய், பிறகு வேறு பெயர் சொல்லவில்லை.

எனக்குத்தான் விமோசனம் கிடைக்கவில்லை. வீட்டில் இட்லியா தோசையா என்று பேச்சு வந்தாலும், யாராவது ஒருவர், எதற்கும் சுதாவின் கைப்பையைப் பார்த்துவிடுங்கள் என்பார்கள். என் கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் பூவாக்குக் கேட்க வேண்டும், வெள்ளை வந்தால்தான் கல்யாணம் என்றார்கள். மாப்பிள்ளையை எனக்கு முன்பே பிடித்துப் போயிருந்தது. அது தெரிந்த அப்பா, கோயில் வாசலிலேயே என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். போதாததற்கு, நான் பூப்பக்கம் போகாமல் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நிற்கும்படி பேத்தியைக் காவல் வைத்தார். அவளுக்கு அப்போது நான்கு வயது.

பூசாரி பூசையைத் தொடங்கினார். என் கையைப் பிடித்திருந்த ஆரோக்கியமேரி, குனியச் சொல்லி என் காதோடு கேட்டாள்.

“அத்தை, என்ர கவுன் பாக்கெட்டுல ரெண்டு வெள்ளப்பூ இருக்குது. வேணுமா?”