செவலைக்கு ஒருசந்தி

சாம்பல் புதன் காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த ஆண்டனி ராஜ், நெற்றியில் சாம்பல் காய்வதற்கு முன்பே ஒரு சட்டம் போட்டார்.

மனுஷர் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது கணக்குப்பிள்ளை. இருபத்திரண்டு வருஷமாக ரைட்டர். எதை நினைத்தாலும் காகிதத்தில் எழுதி ஒட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். "ரைட்டர் சொன்னா ரைட்டு" என்று எஸ்டேட்டில் எல்லாரும் கேலி பேசுவார்கள். அதை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். நல்ல மனசு.

"ஏம்புள்ள ரெஜினா, இன்னிக்குச் சாமியார் பிரசங்கம் கேட்டியா? நினிவே ஊர் ராசா மனுசனோட விடலயாம். ஆடு மாடும் பட்டினி கெடக்கோணும்னு உத்தரவு போட்டாராம்."

"கேட்டனுங்க."

"நம்ம ஊட்டுலயும் அதே சட்டம். நீ, நான், செவலை, கருப்பி. நாலு பேருக்கும் ஈஸ்டர் வரைக்கும் ஒருசந்தி."

ஒருசந்தி என்றால் ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. செவலை என்பது ரெஜினா முட்டையிலிருந்து வளர்த்த சேவல். கருப்பி அதன் ஜோடி.

"கோழிக்கு எதுக்குங்க ஒருசந்தி? அதுக என்ன பாவம் பண்ணுச்சு?"

"தவக்காலத்துல நாம முட்டை திங்கறதில்ல. திங்காத முட்டைக்கு எதுக்குத் தீனி? ரெண்டுக்கும் காலையில ஒரு புடி கம்பு, அவ்வளவுதான். ஆணுக்கு ஒரு சட்டம், பொண்ணுக்கு ஒரு சட்டமெல்லாம் என்றகிட்ட கெடையாது. செவலைக்கும் கொழுப்பு கரைஞ்சு கறி கெட்டியாகும்."

கறி என்ற வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. போன ஈஸ்டருக்குப் பக்கத்து எஸ்டேட் சூப்பர்வைசர் ஜெப்சனை விருந்துக்குக் கூப்பிட்டு, பிராய்லர் கோழி போட்டார் ஆண்டனி ராஜ். "ரைட்டர் ஊட்டுக் கோழி வாயில வச்சாப் பஞ்சு" என்று ஜெப்சன் ஏற்காடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லி வைத்தார். அந்த அவமானம் ஒரு வருஷமாகத் தொண்டையில் நின்றது. இந்த ஈஸ்டருக்கு மூன்று கிலோ இருநூறு கிராம் செவலையை அறுத்து, ஜெப்சன் வாயாலேயே அந்தப் பேச்சை அழிப்பது என்று சபதம் எடுத்திருந்தார். அதைக் கேட்ட அன்றைக்கு ரெஜினா முகம் சுண்டிப் போனது.

இப்போது அவள் சண்டை போடவில்லை. கூண்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரைட்டுங்க" என்றாள். "ஆனா எழுதறப்ப 'இவ்வீட்டில்'னு சேத்து எழுதிருங்க. இல்லீனா அத்தாயி ஊட்டுக் கோழியும் நம்ம சட்டத்துக்குள்ள வந்துரும். அப்பறம் அந்தம்மா வந்து சண்டை கட்டும்."

அத்தாயி பக்கத்து வீட்டு அம்மாள். அவர் வாய்க்கு எஸ்டேட் மேனேஜரே பயப்படுவார். ஆண்டனி ராஜ் மனைவியின் புத்தியை மெச்சிக்கொண்டு எழுதினார்: 'ஆண், பெண், சேவல், பெட்டை எவரும் ஈஸ்டர் வரை இவ்வீட்டில் ஒருசந்திக்கு மேல் உண்ணலாகாது.' அடியில் கையெழுத்து, தேதி. அடுப்படிச் சுவரில் ஒட்டியும் விட்டார்.

சட்டம் போட்டால் மட்டும் போதுமா? கண்காணிக்க வேண்டாமா? காப்பிப் பழ சீசன் முடிந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்த எஸ்டேட் தராசு ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்தது. செவலையைத் துணிப்பையில் போட்டு ஒரு தொங்கல், கருப்பியைப் போட்டு ஒரு தொங்கல். எடையை ஒரு பழைய டைரியில் குறித்துக்கொண்டார்.

முதல் வாரம் செவலை நூறு கிராம் இறங்கியது. இரண்டாம் வாரம் இருநூறு. நான்காம் வாரம் தராசு முள் இரண்டரைக் கிலோவில் போய் நின்றது. செம்பருத்தி மாதிரி நின்ற கொண்டை வெளுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். செவலைக்கு முதலில் பறந்தது கூவல். 'கொக்கரக்' வரைக்கும் வருகிறது. 'கோ'வைக் காணோம். கோ என்றால் ராஜா இல்லையா, ராஜா இறங்கிவிட்டார்.

கருப்பி? ஒரு கிலோ எண்ணூறில் ஆரம்பித்தவள், ஒரு கிலோ எழுநூற்றைம்பதில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதே ஒரு பிடி கம்பு. அதே கூண்டு. இறகில் பளபளப்புக்கூடக் குறையவில்லை.

"இதுல ஏதோ திருட்டு இருக்குது புள்ள. நீ கருப்பிக்குத் தனியா ஏதாச்சும் போடறயா?"

"மாதா மேல சத்தியமா இல்லீங்க. வேணும்னாக் கூண்டுச் சாவிய நீங்களே வச்சுக்குங்க."

கூண்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். காலைக் கம்பையும் அவரே போட்டார். அடுத்த ஞாயிறும் அதேதான். செவலை இறங்கினான், கருப்பி இறங்கவில்லை. ஒன்று மட்டும் மாறியிருந்தது. வாரத்துக்கு நாலு முட்டை போட்டவள் இரண்டாம் வாரம் ஒன்று போட்டாள். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

மனுஷருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பிரகாஷுக்குப் போன் போட்டார்.

"அது அப்படித்தானுங்ணா" என்றான் பிரகாஷ். "தீனி கொறைஞ்சாப் பெட்டை மொதல்ல முட்டையத்தான் நிறுத்தும். வயித்துக்குள்ள வளந்துட்டு இருக்கற மஞ்சக்கருவைக்கூட ஒடம்பே கரைச்சுத் திரும்ப எடுத்துக்கும்."

"போட வச்சிருந்ததத் திரும்ப எடுத்துக்குமா?"

"ஆமாங்ணா. நல்ல காலம் வந்தா மறுபடியும் ஆரம்பிச்சுக்கும். சேவலுக்கு நிறுத்தறதுக்கு அந்த மாதிரி எதுவும் இல்லீங்களே. சதையிலதான் கை வைக்கும். அப்பறம் கொண்டை, கூவல், எல்லாம் போயிரும்."

ஆண்டனி ராஜ் போனை வைத்துவிட்டுக் கூண்டுக்கு முன்னால் போய்க் குந்தினார். இருபத்திரண்டு வருஷமாக எடை போடுகிறவர் அவர். ஒரே பிடி தீனி இரண்டு உடம்புக்குள் போய் இரண்டு விதமாக நடக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. இந்தக் கருப்பிக்கு யார் சொன்னது? காலண்டர் பார்த்தாளா, டாக்டரைக் கேட்டாளா? உள்ளே எந்தக் கதவை எப்போது சாத்த வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்று அந்தக் கைப்பிடி அளவு உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. ஆண்டவரே, என்று வாய்விட்டுச் சொன்னார்.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. தன் பெல்ட்டில் இரண்டு புதுத் துளை போட்டாயிற்று. கன்னம் ஒட்டிவிட்டது. ரெஜினா? அதே ஒருசந்தி, மத்தியானம் அவர் எதிரிலேயே ஒரே தட்டுச் சோறு. ஜாக்கெட்டில் ஒரு தையல்கூடப் பிரிக்க வேண்டி வரவில்லை, பிடிக்கவும் வேண்டி வரவில்லை. அம்மணி கிண்ணென்று இருந்தாள்.

அன்றிலிருந்து அவர் பேச்சே மாறிவிட்டது. மஞ்சக்குட்டைக்கு ஜீப்பில் போனாலும், டீக்கடையில் நின்றாலும், "பொம்பள ஒடம்பு இருக்குதே, அது நம்மளுது மாதிரி இல்லீங்க. தெய்வ ரகசியம்" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்டவர்கள் டீயைச் சீக்கிரம் குடித்தார்கள்.

ஆச்சரியம் ஒரு பக்கம் இருக்கட்டும், சபதம் என்னாவது? குருத்தோலை ஞாயிறன்று தராசில் செவலை இரண்டு கிலோ இருநூறு. ஒரு கிலோ போய்விட்டது.

"நாளையிலிருந்து செவலைக்கு நாலு புடி கம்பு போடறேன் புள்ள. ஒரு வாரத்துல ஏத்திரலாம்."

ரெஜினா சுவரைக் காட்டினாள். "பரிசுத்த வாரமுங்க. ஊரே ஒருசந்தி இருக்கற வாரத்துல நாம முறிக்கறதா? ஈஸ்டர் வரைன்னு கையெழுத்து வேற போட்டிருக்கீங்க."

கையெழுத்து என்ற சொல்லுக்கு ரைட்டரிடம் மறுபேச்சு கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் மலையில் மழை அடித்தது. வருஷத்தின் முதல் மழை. சாயங்காலம் வானம் வெளுத்து, மண்ணிலிருந்து ஈசல் கிளம்பியது. கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு ஆண்டனி ராஜ் கூண்டுக்கு வந்தார். எலும்பானாலும் பரவாயில்லை, ஜெப்சனை விருந்துக்குக் கூப்பிட்டாயிற்று.

செவலை கம்பிக்குப் பக்கத்தில் தள்ளாடி நின்றது. ஒரு ஈசல் அதன் காலடியில் வந்து விழுந்தது. கொத்தியது. ஆனால் விழுங்கவில்லை. கீழே போட்டது. மறுபடி எடுத்தது, மறுபடி போட்டது. தொண்டைக்குள் மெதுவாக, "கொக், கொக், கொக்" என்று கூப்பிட்டது. கருப்பி ஓடி வந்து ஈசலைத் தின்றாள். அடுத்த ஈசலுக்கும் அதே கூப்பாடு. அதற்கடுத்ததற்கும்.

ஆண்டனி ராஜ் கத்தியோடு நின்றார். ஆறு வாரப் பட்டினி என்றால் என்ன என்று இப்போது அவர் வயிற்றுக்கே தெரியும். நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு நிற்கிற ஒரு பிராணி, வாயில் வந்த தீனியை இன்னொருத்திக்குக் கீழே வைக்கிறது. கல்யாணமான இத்தனை வருஷத்தில், சாப்பிட உட்கார்ந்த பிறகு "நீ தின்னயா புள்ள" என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கத்தியைக் கூரை ஓட்டில் செருகினார். பூட்டைத் திறந்து, மடி நிறையக் கம்பைக் கொண்டுவந்து கொட்டினார்.

உள்ளே போய்த் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்.

"ரெஜினா, நான் நொம்ப யோசிச்சேன். செவலைய அறுக்கப் போறதில்ல. ஜெப்சன் என்ன வேணா பேசிக்கட்டும்."

ரெஜினா திரும்பவில்லை. "தெரியுமுங்க. நேத்தே பலாக்கா வாங்கி வச்சுட்டேன்."

"நேத்தேவா?"

"வருசா வருசம் பங்குனியில தீனி கொறையுமுங்க. சேவல் எலும்பாயிரும், அறுத்தாலும் கறி தேறாது. பெட்டை முட்டைய நிறுத்திட்டுக் கம்முனு கெடக்கும். ஆறு வருசமாப் பாக்கறேன். நீங்க ஒருசந்தின்னு சொன்னப்பவே செவலை பொழைச்சுக்குவான்னு தெரியும். இல்லீனா நான் ரைட்டுன்னு சொல்லிருப்பனா?"

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவளுக்கும் யாரும் சொல்லித் தரவில்லையே என்று அதற்கும் ஆச்சரியப்பட்டார்.

ஈஸ்டர் மத்தியானம் ஜெப்சன் வந்தார். பலாக்காய்க் கறியைக் கோழிக்கறி என்றே நினைத்து மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். ஆண்டனி ராஜுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தராசு, மஞ்சள் கரு, ஈசல் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில் மனைவியைக் கை காட்டினார்.

"இவளையே பாருங்க. நாப்பது நாள் என்னோட ஒருசந்தி இருந்தவ. நான் பாதியாயிட்டேன், இவ ஒரு கிராம் எறங்கல. பொம்பள ஒடம்பே ஒரு அதிசயமுங்க."

அந்த நேரம் பார்த்து அத்தாயி அம்மாள் வாசலில் வந்து நின்றார்.

"ஏங் கண்ணு ரெஜினா, நாப்பது நாளா காலையில களியும் பொழுது சாயச் சோறும் நம்மூட்டுல தின்ன. இன்னிக்கு உன்றூட்டுல எனக்கு என்ன வச்சிருக்கற?"

ஜெப்சன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. ஆண்டனி ராஜ் சுவரைப் பார்த்தார். காகிதம் அங்கேயே இருந்தது. இவ்வீட்டில். அவர் கையெழுத்துதான், தேதியும் சரியாகவே இருந்தது.

"இந்த ஊட்டுல நான் ஒருசந்திதானுங்க இருந்தேன்" என்றாள் ரெஜினா, அத்தாயிக்கு இலை போட்டுக்கொண்டே.

அவர் கூண்டுப் பக்கம் கையை நீட்டினார். "அப்போ கருப்பி? அதுவும் பொய்யா?"

"சேச்சே, கருப்பி நெசமாவே ஒருசந்தி இருந்துச்சுங்க. பாவம், அதுக்குப் படிக்கத் தெரியாதுங்களே."